காய்ப்புழுவும் வெள்ளை ஈயும்: பூச்சி தாங்கும் பருத்திக்கான மூலக்கூறு உயிரியல் ஆய்வு

பஞ்சாப் மாநிலத்தின் பட்டிண்டா, மான்சா, ஃபாசில்கா, முக்த்சர் மாவட்டங்களில் 2015 ஆம் ஆண்டின் காரிப் பருவத்தில் பருத்தி பயிரிட்டிருந்த உழவர்கள் ஒரு விந்தையான நிலைமையைச் சந்தித்தனர். அவர்கள் விதைத்திருந்தது பூச்சி தாங்கும் பி.டி. விதை. சாதாரண விதையைவிட அதிக விலை கொடுத்து வாங்கியது. அவ்வாண்டு அவர்கள் வயலில் காய்ப்புழுவின் தொல்லை பெரிதாக இல்லை. ஆனால் இலைகளின் அடிப்புறத்தில் வெள்ளை ஈக்கள் அடையடையாக அமர்ந்து சாற்றை உறிஞ்சின. அவை வெளியேற்றிய இனிப்பான கழிவின் மேல் கரும்பூசணம் படர்ந்தது. இலைகள் சுருண்டன, காய் பிடிப்பது நின்றது. பத்து முறைக்கு மேல் மருந்து தெளித்தும் பயனின்றிப் பலர் நின்ற பயிரை உழுது அழித்துவிட்டனர்.

விதை ஏமாற்றிவிட்டது என்று அப்போது பலரும் கூறினர். உண்மையில் விதை தனக்கு இடப்பட்ட வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. அதனுள் வைக்கப்பட்ட புரதம் புழுக்களைக் கொல்வதற்கானது. ஈக்களைப் பற்றி அது எதுவும் அறியாது. பூச்சி தாங்கும் பயிர் என்ற பொதுப்பெயர் எல்லாப் பூச்சிகளையும் தாங்கும் பயிர் என்ற எண்ணத்தை உண்டாக்கிவிடுகிறது. இப்பெயர் வழக்கத்திற்கு வராமல் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஒரு குறிப்பிட்ட புரதம் ஒரு குறிப்பிட்ட பூச்சியை ஏன் கொல்கிறது, மற்றொன்றை ஏன் விட்டுவிடுகிறது, கொல்லப்பட்ட பூச்சி சில ஆண்டுகளில் ஏன் மீண்டும் தலையெடுக்கிறது என்பவற்றைப் புரிந்துகொண்டால்தான் மூலக்கூறு உயிரியல் வேளாண்மைக்கு என்ன தர இயலும், என்ன தர இயலாது என்பது விளங்கும்.

பட்டுப்புழு நோயிலிருந்து தொடங்கிய ஆய்வு

பி.டி. என்று சுருக்கமாக வழங்கப்படுவது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் மண்வாழ் பாக்டீரியா ஆகும். ஜப்பான் நாட்டில் பட்டுப்புழுக்கள் திடீரென்று துவண்டு மடிவதற்குக் காரணமான நுண்ணுயிரியை 1901 ஆம் ஆண்டு இஷிவாட்டா என்ற விஞ்ஞானி பிரித்தெடுத்தார். பத்தாண்டுகளுக்குப் பின் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் மாவு அந்துப்பூச்சியின் புழுக்களிலிருந்து இதே இனத்தை எர்ன்ஸ்ட் பெர்லினர் கண்டறிந்து, அவ்வூரின் பெயரையே அதற்குச் சூட்டினார். பட்டு வளர்ப்போருக்குப் பகையாகத் தெரிந்த ஓர் உயிர், பயிர் வளர்ப்போருக்கு நட்பாகலாம் என்ற எண்ணம் விரைவிலேயே எழுந்தது. 1938இல் பிரான்சில் இப்பாக்டீரியாவைக் கொண்ட தெளிப்பு மருந்து விற்பனைக்கு வந்துவிட்டது.

இம்மருந்தில் இரண்டு குறைகள் இருந்தன. வெயிலும் மழையும் அதன் வீரியத்தைச் சில நாட்களிலேயே குறைத்துவிடும். அதைவிட முக்கியமானது, இலையின் மேல் இருக்கும் மருந்து காய்க்குள்ளும் தண்டுக்குள்ளும் துளைத்துச் சென்றுவிட்ட புழுவை எட்டாது. செடியே அப்புரதத்தைத் தன் திசுக்களில் உற்பத்தி செய்தால் இவ்விரு குறைகளும் நீங்கும் என்பதே மூலக்கூறு உயிரியலாரின் கருத்தாக அமைந்தது.

புழுவின் குடலில் நடப்பது என்ன?

பாக்டீரியா வித்தாக மாறும் சமயத்தில் தன் செல்லுக்குள் ஒரு புரதப் படிகத்தையும் உண்டாக்குகிறது. இப்படிகம் அதன் நிலையில் நஞ்சன்று. அந்துப்பூச்சி இனப் புழுவின் நடுக்குடல் மிகுந்த காரத்தன்மை உடையது. அங்கே படிகம் கரைகிறது. கரைந்த புரதத்தைக் குடலிலுள்ள நொதிகள் வெட்டிச் சிறிதாக்குகின்றன. இவ்வாறு வெட்டுண்ட பகுதியே செயல்திறன் உடையது. அது குடற்சுவர்ச் செல்களின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகள் எனப்படும் புரதங்களோடு பிணைகிறது. கேடரின் என்ற புரதம் இவ்வேற்பிகளில் ஒன்று. பிணைந்த நச்சுப் புரதங்கள் பல ஒன்றுகூடிச் செல்சவ்வில் துளையிடுகின்றன. துளை வழியாக நீர் புகுந்து செல்கள் வீங்கி வெடிக்கின்றன. புழு உண்பதை நிறுத்திவிட்டு இரண்டு மூன்று நாட்களில் இறக்கிறது.

இவ்வரிசையில் ஒரு படி குறைந்தாலும் நஞ்சு வேலை செய்யாது. மனிதர், கால்நடைகளின் இரைப்பையில் அமிலமே உள்ளது. இப்புரதம் பிணைவதற்குரிய ஏற்பிகளும் இல்லை. ஆகவே அது மற்றப் புரதங்களைப் போலச் சீரணமாகிவிடுகிறது. வெள்ளை ஈயின் நிலைமை வேறு. அது இலையை மென்று தின்பதில்லை. ஊசி போன்ற வாயுறுப்பைச் சல்லடைக் குழாய்களில் செலுத்திச் சாற்றை உறிஞ்சுகிறது. பி.டி. புரதம் அச்சாற்றில் குறிப்பிடத்தக்க அளவில் இருப்பதில்லை; இருந்தாலும் அதனைச் செயற்படுத்தும் காரக் குடலும் உரிய ஏற்பிகளும் வெள்ளை ஈயிடம் இல்லை. அசுவினி, தத்துப்பூச்சி, இலைப்பேன் ஆகியவற்றுக்கும் பி.டி. பருத்தி அஞ்சத்தக்கதன்று.

பாக்டீரியாவிலிருந்து செடிக்கு

இப்புரதத்திற்கான மரபணுவை அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஷ்னெஃப், ஒயிட்லி ஆகியோர் 1981இல் தனியே பிரித்தனர். மரபணுவைச் செடிக்குள் கொண்டு செல்ல மற்றொரு பாக்டீரியா உதவிற்று. செடிகளில் கழலை உண்டாக்கும் அக்ரோபாக்டீரியம் என்ற மண் நுண்ணுயிரி, தன் மரபுப் பொருளில் ஒரு துண்டைச் செடியின் குரோமோசோமில் செருகிவிடும் இயல்புடையது. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் மார்க் வான் மாண்டகு, ஜெஃப் ஷெல் ஆகியோரும் அமெரிக்காவில் மேரி-டெல் சில்ட்டனும் இவ்வியல்பை விளக்கிக் காட்டினர். நோய் உண்டாக்கும் பகுதியை நீக்கிவிட்டு அவ்விடத்தில் வேண்டிய மரபணுவை வைத்தால், பாக்டீரியாவே அதனைச் செடியில் சேர்த்துவிடும். கென்ட் நகரின் ஆய்வாளர்கள் 1987இல் பி.டி. மரபணுவைப் புகையிலையில் செலுத்தி, புழு தின்னாத செடிகளை உருவாக்கினர்.

ஆனால் அச்செடிகளில் உண்டான புரதத்தின் அளவு மிகக் குறைவு. புகையிலையைத் தின்னும் புழுவுக்கு அது போதுமானதாயிருந்தது. பருத்திக் காய்ப்புழுவுக்குப் போதவில்லை. இதன் காரணம் மாணவர்கள் கவனிக்கத்தக்கது. டி.என்.ஏ. நான்கு எழுத்துக்களால் ஆனது. ஒரே அமினோ அமிலத்தை மூன்றெழுத்துச் சொற்கள் பலவற்றால் குறிக்கலாம். பி.டி. பாக்டீரியா அடினின், தைமின் மிகுந்த சொற்களை விரும்புகிறது; செடிகளோ குவானின், சைட்டோசின் மிகுந்தவற்றை அதிகம் பயன்படுத்துகின்றன. பாக்டீரியாவின் ‘நடை’யில் எழுதப்பட்ட செய்தியைச் செடியின் செல் சரிவரப் படிக்கவில்லை, நடுவிலேயே வெட்டிச் சிதைத்தது. ஆகவே புரதத்தை மாற்றாமல் மரபணுவின் எழுத்துக்களை மட்டும் செடிக்கு ஏற்றவாறு செயற்கையாகத் திருத்தி எழுதினர். புரத உற்பத்தி பல மடங்கு பெருகியது. இவ்வாறு திருத்திய மரபணுவைத் தாங்கிய பருத்தி 1990இல் அறிவிக்கப்பட்டு, 1996இல் அமெரிக்க வயல்களுக்கு வந்தது.

இந்திய வயல்களில்

பி.டி. பருத்தி வருமுன் இந்நாட்டில் பருத்தி உழவரின் நிலை இரங்கத்தக்கதாகவே இருந்தது. மொத்தச் சாகுபடிப் பரப்பில் ஏறத்தாழ 5 சதவீதமே பருத்தி. ஆயினும் நாட்டில் தெளிக்கப்பட்ட பூச்சிக் கொல்லிகளில் ஏறக்குறையப் பாதி பருத்தி வயல்களுக்குச் சென்றது. எண்பதுகளில் நம்பிக்கையோடு வரவேற்கப்பட்ட பைரித்ராய்டு மருந்துகள் அமெரிக்கன் காய்ப்புழுவிடம் பயனிழந்ததை ஆந்திரப் பிரதேச உழவர்கள் 1987 ஆம் ஆண்டுப் பருவத்தில் பெரும் நட்டத்தோடு அறிந்தனர்.

மரபணு மாற்றிய உயிரினங்களைக் கையாளுவதற்கான விதிகள் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989இல் வெளியிடப்பட்டன. அவ்விதிகளின்படி அமைந்த மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு, 2002 மார்ச் மாதத்தில் மூன்று பி.டி. பருத்தி வீரிய ஒட்டு ரகங்களுக்கு அனுமதி வழங்கிற்று. அதற்கு முன்னரே, 2001இல், அனுமதி பெறாத பி.டி. பருத்தி குஜராத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் வளர்வது தெரியவந்தது என்பது நிர்வாகத்துறையினர் மறக்கக்கூடாத செய்தியாகும். கை ஓங்கிக் காய்த்து நின்ற வயலைப் பார்த்த உழவர், குழுவின் முடிவுக்குக் காத்திருக்கவில்லை. 2006இல் இரு மரபணுக்களைக் கொண்ட இரண்டாம் தலைமுறை விதைக்கும் அனுமதி கிடைத்தது. பத்தாண்டுகளுக்குள் நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி. விதையாயிற்று.

விளைச்சல் கணக்கு இது. 2001-02இல் 158 லட்சம் பொதியாக இருந்த பஞ்சு உற்பத்தி 2007-08இல் 307 லட்சம் பொதியாகவும், 2013-14இல் 398 லட்சம் பொதியாகவும் உயர்ந்தது. ஒரு பொதி 170 கிலோ. ஹெக்டேருக்குச் சராசரி விளைச்சல் 308 கிலோவிலிருந்து 2007-08இல் 554 கிலோவாயிற்று. அதன்பின் ஆறாண்டுகள் கழித்தும் அது 566 கிலோவைத்தான் எட்டியது. உற்பத்தி பெருகியதற்குப் பரப்பு விரிந்ததே பின்னாளில் முக்கியக் காரணம் என்பதை இவ்வெண்களே காட்டும்.

இவ்வுயர்வில் மரபணுவின் பங்கு எவ்வளவு என்பது பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கதாகே, கைம் ஆகிய இருவரும் 2002 முதல் 2008 வரை ஒரே உழவர் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து, பூச்சிச் சேதம் குறைந்ததனால் ஏக்கர் விளைச்சல் 24 சதவீதமும் பருத்தி இலாபம் 50 சதவீதமும் கூடின என்று 2012இல் எழுதினர். நாகபுரி மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் முன்னாள் இயக்குநர் கே. ஆர். கிராந்தி, அமெரிக்க மானிடவியலாளர் ஸ்டோனுடன் சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், உரப் பயன்பாடும் பாசனமும் பிற காரணங்களும் உயர்வில் பெரும்பங்கு வகித்தன என்றும், உழவர்கள் பூச்சிக் கொல்லிக்குச் செலவிடும் தொகை பி.டி. வருமுன் இருந்ததைவிட மிகுந்துவிட்டது என்றும் காட்டினர். இவை ஒன்றையொன்று பொய்யாக்குவன அல்ல. முதல் ஆய்வு புதிய விதை வந்த ஆண்டுகளைப் பற்றியது. இரண்டாவது அதன் பின்விளைவுகளையும் சேர்த்துப் பார்த்தது. இடைப்பட்ட காலத்தில் பூச்சிகள் வாளாவிருக்கவில்லை.

இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் பதில்

இப்புழு நமக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நாற்பதுகளில் புரோச் எனப்பட்ட பரூச்சின் பருத்தியிலிருந்து எடுத்த மாதிரிகளைக் கொண்டே இதற்கு விஞ்ஞானப் பெயர் இடப்பட்டது. முட்டையிலிருந்து வெளிவந்த சிறு புழு பூவிலோ இளங்காயிலோ நுழைந்துவிடும். நுழைந்த துளை மூடிக்கொள்ளும். உள்ளே இருந்து விதைகளைத் தின்னும். வெளியே இருந்து பார்ப்பவருக்குக் காய் நன்றாகவே தோன்றும்; வெடிக்கும்போதுதான் கறைபட்ட பஞ்சும் சொத்தை விதையும் தெரியவரும். தெளிப்பு மருந்து எட்டாத இப்புழுவின் மேல் பி.டி. புரதம் முதலில் பெரும் வெற்றி கண்டது.

வெற்றி நீடிக்கவேண்டுமாயின் ஒரு நிபந்தனை இருந்தது. எந்தப் பூச்சிக் கூட்டத்திலும் நஞ்சைத் தாங்கும் மரபணு மிகச் சிலவற்றில் இருக்கும். அது பெரும்பாலும் ஒடுங்கு பண்பு. இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். பி.டி. வயலில் தப்பிப் பிழைத்த ஓர் அந்து, தன்னைப் போன்ற மற்றொன்றோடு சேர்ந்தால் பிறப்பவை அனைத்தும் நஞ்சைத் தாங்கும். பக்கத்தில் பி.டி. அல்லாத பருத்தியில் வளர்ந்த சாதாரண அந்தோடு சேர்ந்தால் பிறப்பவை நஞ்சுக்கு மடியும். இதற்காகவே வயலின் ஓரத்தில் ஐந்து வரிசைகளோ, பரப்பில் 20 சதவீதமோ, எது அதிகமோ அந்த அளவுக்குச் சாதாரணப் பருத்தியைப் புகலிடப் பயிராக விதைக்கவேண்டும் என்று அனுமதியின்போதே விதிக்கப்பட்டது. 450 கிராம் பி.டி. விதையுடன் 120 கிராம் சாதாரண விதையும் பொட்டலத்தில் வைத்து விற்கப்பட்டது.

இரண்டு மூன்று ஏக்கர் நிலமுள்ள உழவர் அதில் ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்கென விடுவார் என்று எதிர்பார்த்தது விதியை எழுதியோரின் பிழை. பெரும்பாலோர் அச்சிறு பொட்டலத்தைப் பயன்படுத்தவில்லை. அமெரிக்கன் காய்ப்புழுவைப் பொறுத்தவரை இதனால் உடனடிக் கேடு நேரவில்லை. அது துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என்று பல பயிர்களைத் தின்பதால் அவையே இயற்கைப் புகலிடமாயின. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கோ பருத்தியைத் தவிர வேறு உணவு கிட்டத்தட்ட இல்லை. ஊரெங்கும் பி.டி. பருத்தி மட்டுமே நின்றபோது, தப்பிய அந்துக்குத் தப்பிய அந்தே துணையாயிற்று.

இந்திய முறைக்கே உரிய வேறு இரு காரணங்களும் சேர்ந்தன. சூரத்தில் சி. டி. பட்டேல் உருவாக்கி 1970இல் வெளிவந்த எச்-4 ரகத்திற்குப் பின் வீரிய ஒட்டுப் பருத்தி இங்கு பரவிற்று, பி.டி. மரபணுவும் ஒட்டு ரகங்களிலேயே பெரும்பாலும் விற்கப்பட்டது. பிற நாடுகள் பெரும்பாலும் நேர் ரகங்களில் அதைப் பயன்படுத்தின. ஒட்டுச் செடியில் ஒவ்வொரு மரபணுவும் ஒற்றைப் படியாகவே இருக்கும். ஆகவே அதன் காய்க்குள் விளையும் விதைகள் ஒரே மாதிரியாக இரா. இரு மரபணு ரகத்தின் காயில் 16 விதைகளுக்கு 9 இரண்டு நஞ்சையும், மூன்று மூன்று ஏதேனும் ஒன்றை மட்டும், ஒன்று எதையும் கொண்டிராதவாறும் அமையும். விதையைத் தின்று வாழும் புழுவுக்கு இது படிப்படியாகப் பழகிக்கொள்ளும் பள்ளிக்கூடம் போன்றது. அடுத்தது, ஒட்டு ரகங்கள் நீண்ட நாள் நிற்பவை. பாசன வசதி உள்ள இடங்களில் பிப்ரவரி, மார்ச் வரை கடைசிக் காய்களுக்காகச் செடியை விட்டுவைப்பதும், பருத்திமாரை வேலியோரம் அடுக்கிவைப்பதும் புழுவை அடுத்த பருவம் வரை காப்பாற்றிக் கொடுத்தன.

குஜராத்தின் அம்ரேலி பகுதியில் 2008இல் சேகரித்த புழுக்கள் முதல் மரபணுவின் நஞ்சைத் தாங்குவதை டில்லி வேளாண் ஆராய்ச்சிக் கழக விஞ்ஞானிகள் கண்டனர். 2014-15 முதல் இரு மரபணு ரகத்திலும் சேதம் தெரிந்தது. 2017-18இல் மகாராஷ்டிரம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அப்பருவத்தில் யவத்மால் மாவட்டத்தில், ஆளுயரத்துக்கு வளர்ந்த பருத்திக்கிடையே முகக்கவசம் இன்றி மருந்து தெளித்தவர்களில் ஏறத்தாழ இருபது பேர் நஞ்சேறி மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனை சேர்ந்தனர்.

புழு எவ்வாறு தப்பியது என்பதையும் மூலக்கூறு உயிரியலே விளக்கியது. அரிசோனா ஆய்வாளரும் இந்திய விஞ்ஞானிகளும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியப் புழுக்களில் கேடரின் ஏற்பிக்கான மரபணு பல்வேறு வகைகளில் சிதைந்திருந்தது. எட்டு வகை மாற்றங்களும் அவற்றிலிருந்து எழும் பத்தொன்பது வகைச் செய்திப் பிரதிகளும் காணப்பட்டன. பூட்டு மாறிவிட்டால் சாவி பயன்படாது. நஞ்சு குடலில் கரைகிறது, வெட்டுப்படுகிறது, ஆனால் பிணைவதற்கு இடமில்லை. இரண்டாம் நஞ்சுக்கு வேறோர் ஏற்பி உண்டு; அதிலும் மாற்றம் நேர்ந்தது. இரு சாவிகளையும் ஒரே சமயத்தில் கொடுத்திருந்தால் புழுவுக்கு இரு பூட்டுக்களையும் மாற்றுவது அரிதாயிருந்திருக்கும். முதலாவது பயனிழந்துகொண்டிருந்த காலத்தில் இரண்டாவதைச் சேர்த்ததால், சுமை முழுவதும் அதன் மேலேயே விழுந்தது.

இதே புழு, இதே மரபணுக்கள், ஆனால் வேறு முடிவு என்பதற்கு அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்கள் சான்று. அங்கே பல ஆண்டுகள் புகலிடப் பயிர் விதி கடைப்பிடிக்கப்பட்டது. பின்னர் 2006 முதல் மலடாக்கிய அந்துக்களைக் கோடிக்கணக்கில் வயல்களில் விட்டனர். இனக்கவர்ச்சிப் பொருளையும் பயன்படுத்தினர். அறுவடைக்குப் பின் செடியை உழுது அழித்தனர். 2018இல் அந்நாட்டுப் பருத்திப் பகுதிகளிலிருந்து இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒழிக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. சீனாவின் யாங்சி பள்ளத்தாக்கில் உழவர்கள் இரண்டாம் தலைமுறை ஒட்டு விதையை விதைத்ததால் வயலில் நான்கில் ஒரு செடி தானாகவே பி.டி. அற்றதாக அமைந்தது, யாரும் விதியை நினைவூட்டாமலே புகலிடம் கிடைத்து, புழுவின் எதிர்ப்பு குறைந்தது. நம் நாட்டில் புகலிட விதையைப் பொட்டலத்திலேயே கலந்து தரும் முறைக்கு 2016இல்தான் அறிவிக்கை வெளியாயிற்று.

லக்னோவில் பெரணிகளைத் தேடிய ஆய்வு

வெள்ளை ஈக்கு மீண்டும் வருவோம். அது சாற்றை உறிஞ்சுவதோடு பருத்தி இலைச்சுருள் வைரசையும் செடிக்குச் செடி சுமந்து செல்கிறது. வடமேற்கு இந்தியாவில் இந்நோய் 1993இல் ஸ்ரீகங்காநகர் பகுதியில் காணப்பட்டுப் பின்னர் பரவியது. நாட்டுப் பருத்தி இனம் இந்நோய்க்கு ஆளாவதில்லை என்பதையும், அது வயல்களிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும்.

லக்னோவில் கோமதி ஆற்றங்கரையில், 1857 போரில் இரத்தம் சிந்திய சிக்கந்தர் பாக் வளாகத்தில், தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றம் 1953இல் ஏற்று நடத்தத் தொடங்கிய இந்நிலையத்தின் பெரணித் தொகுப்பு புகழ்பெற்றது. இந்நிலையத்தின் மூலக்கூறு உயிரியலாளர் பி. கே. சிங் தலைமையில் செயற்பட்ட குழு எளிய ஓர் உண்மையிலிருந்து தொடங்கிற்று. பெரணிகளைப் பூச்சிகள் அதிகம் தின்பதில்லை. பூக்கும் செடிகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே தோன்றி இன்றளவும் நிலைத்திருக்கும் இவற்றிடம் ஏதேனும் பாதுகாப்புப் புரதம் இருக்கலாம் அல்லவா?

38 வகைப் பெரணிகளின் இலைகளிலிருந்து புரதங்களைப் பிரித்து, செயற்கை உணவில் கலந்து வெள்ளை ஈக்களுக்கு அளித்தனர். டெக்டேரியா மேக்ரோடோன்டா என்னும் பெரணியின் சாறு ஈக்களைக் கொன்றது. அதிலிருந்து காரணமான புரதத்தைத் தூய்மை செய்து டி.எம்.ஏ. 12 என்று பெயரிட்டனர். ஒரு மில்லிலிட்டர் உணவில் 1.49 மைக்ரோகிராம் இருந்தாலே பாதி ஈக்கள் மடிந்தன. கொல்லும் அளவுக்குக் குறைந்தபோதும் ஈயின் வாழ்க்கைச் சுழற்சி தடைப்பட்டது. கைட்டின் என்னும், பூச்சியின் உடலுறைக்கு அடிப்படையான பொருளோடு பிணையும் புரதங்களின் குடும்பத்தோடு இதற்கு ஒப்புமை உண்டு.

பின்னர் அப்புரதத்தின் மரபணுவைப் பருத்தியில் செலுத்தினர். இலையிலுள்ள கரையும் புரதங்களில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே உண்டாயிற்று. எனினும் கட்டுப்படுத்தப்பட்ட வயற் சோதனையில் இச்செடிகள் வெள்ளை ஈயைத் தாங்கின, விளைச்சல் குறையவில்லை, இலைச்சுருள் நோயும் அணுகவில்லை. எலிகளுக்குப் புரதத்தை உணவில் கொடுத்துப் பார்த்ததில் திசுக்களில் கெடுதல் தென்படவில்லை. 2016 அக்டோபரில் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வெளியான இவ்வாய்வு, உறிஞ்சும் பூச்சிக்கு எதிராக ஒரு தாவரத்தின் புரதத்தையே மற்றொரு தாவரத்தில் வைத்து வெற்றி காணலாம் என்பதைக் காட்டியது. பஞ்சாப் உழவர்களின் நட்டத்திற்கு ஓராண்டுக்குப் பின் இது வெளிவந்தது. ஆய்வு அதற்குப் பல்லாண்டுகள் முன்பே தொடங்கப்பட்டது.

ஆய்வுக்கூடத்திற்கு அப்பால்

இத்தகைய செடி உழவர் கைக்கு வருமுன் கடக்கவேண்டிய படிகள் பல. மரபணு எந்த இடத்தில் செருகப்பட்டது என்பதை நிலைநாட்டி ஒரு வழித்தோன்றலைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அதன்பின் உயிரிப் பாதுகாப்பு ஆய்வின் இரு நிலைகள். ஒவ்வொன்றுக்கும் சோதனை நடைபெறும் மாநில அரசின் இசைவு தேவை. தேனீ, பொறிவண்டு, மண்புழு ஆகியவற்றின் மேல் விளைவு என்ன என்பது இப்புரதத்தைப் பொறுத்தவரை மிகக் கவனமாக ஆராயவேண்டியது. கைட்டின் வெள்ளை ஈயிடம் மட்டும் இருப்பதன்று. பி.டி. புரதத்தின் சிறப்பே அதன் குறுகிய இலக்குத்தான். இலக்கு விரிந்தால் பயனும் விரியும், பொறுப்பும் விரியும்.

அனுமதி ஒன்றே எல்லாமல்ல என்பதற்குக் கத்தரிக்காய் எடுத்துக்காட்டு. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகமும் பங்கேற்று உருவான பி.டி. கத்தரிக்கு ஒப்புதல் குழு 2009இல் பரிந்துரை செய்தது; பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபின் 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதனை நிறுத்திவைத்தது. வங்காளதேசம் 2013இல் அதே பயிருக்கு அனுமதி வழங்கியது.

இளஞ்சிவப்புக் காய்ப்புழுவையும் தாங்கும் பருத்தியை உருவாக்கியிருப்பதாக லக்னோ நிலையம் 2025இல் அறிவித்தது. புதிய மரபணுக்களை எந்த விதையில் வைப்பது என்ற கேள்வி இனி விதைச் சான்று அலுவலர்களுக்கும் மாநில வேளாண் துறைகளுக்கும் உரியதாகிறது. 180 நாள் நிற்கும் ஒட்டு ரகத்தில் வைப்பதா, அல்லது 150 நாட்களுக்குள் முடிந்து, விதையை உழவரே எடுத்துவைத்துக்கொள்ளக்கூடிய நேர் ரகத்தில் வைப்பதா? முதலாவதில் விதை நிறுவனத்திற்கு ஆண்டுதோறும் விற்பனை உண்டு. இரண்டாவதில் காய்கள் பெரும்பாலும் புழு பெருகுமுன்பே வெடித்துவிடும், டிசம்பர் இறுதிக்குள் வயல் வெறுமையாகும், பருத்திமார் அகற்றப்படும், அரவை ஆலைகளில் தேங்கும் சொத்தை விதையையும் அதற்குள் அப்புறப்படுத்திவிட்டால், அடுத்த ஜூன் மாதத்துப் பூக்களுக்கு வந்து சேரும் அந்துக்கள் மிகச் சிலவாகவே இருக்கும்.